தெர்மோஸ்டாட்டை மாற்றிய பிறகு கார் சூடேறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். இரண்டு முறை சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து வைத்திருக்கிறேன். அந்தக் காரின் தெர்மோஸ்டாட்டை இஞ்சினின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். மாற்றியது ஒரு வார இறுதியில். அதைச் சரியாக வேலை செய்ய வைக்க மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். தேக்காவில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கார் வேறாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். எம்எக்ஸ்-5க்கு மட்டும் உரியதை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கே: தெர்மோஸ்டாட் உண்மையில் என்னதான் செய்கிறது?

அது சூட்டுக்குத் திறக்கும் ஒரு கதவு. உள்ளே சின்ன உலோகக் குப்பியில் மெழுகு இருக்கும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். மூடியிருக்கும்வரை கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டர் பக்கம் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். மேலே 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்று அர்த்தம். முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி வேண்டும்.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் இஞ்சினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான் முடிவு செய்கிறது. அதிகபட்சச் சூட்டை முடிவு செய்வது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், காற்று வந்துபோகும் வழி இவைதான். கதவு முழுதாகத் திறந்துவிட்டால் அதற்குமேல் தெர்மோஸ்டாட்டுக்கு வேலை கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் மூன்று தெர்மோஸ்டாட் வாங்கினேன். மூன்றுமே நல்லவைதான்.

கே: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போட்டுடு" என்று பழைய மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பழக்கம் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இன்றும் இருக்கிறது. சொல்பவர்கள் அனுபவசாலிகள் என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாகவும் இருக்கும். ஆனால் இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வெளியே 32 டிகிரி என்றால் நமக்குத்தான் வெயில். 90 டிகிரியில் ஓடப் பிறந்த இஞ்சினுக்கு அது குளிர். தெர்மோஸ்டாட் இல்லாமல் இரவில் தீவு விரைவுச்சாலையில் ஓட்டினால் சூடு 70ஐத் தொடக்கூடத் திணறும். இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நினைத்து, கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் அங்கேயே தங்கும். தோ பாயோவிலிருந்து பீஷானுக்குப் போய்த் திரும்பும் குட்டிப் பயணங்களே அதிகமுள்ள இந்த ஊரில் இது மெதுவாகக் கொல்லும் நோய்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி, உள்சுற்றுக்கான பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்தப் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இஞ்சினுக்குத் திரும்பும். ஆகவே குளிரட்டும் என்று கழற்றிய கார், ஜாமில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். உங்கள் தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்து அடியில் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கே: 71 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டேன். ஜாமில் நின்றால் முன்பு போலவே 98க்குப் போகிறது. மட்டமான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பொருளில் குறையில்லை. ஜாமில் கார் நிற்கும்போது பழைய தெர்மோஸ்டாட்டும் முழுதாகத் திறந்துதான் இருந்தது. புதியதும் அப்படியே. அந்த நேரத்தில் சூட்டை இறக்க வேண்டியது ஃபேன். ஃபேன் 97 டிகிரியில்தான் ஓட ஆரம்பிக்கும் என்றால் 71ல் திறந்த கதவால் என்ன ஆகப்போகிறது? ஃபேன் சுவிட்சையும் சேர்த்து மாற்றினால்தான் வித்தியாசம் தெரியும்.

புதிய கார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கூலண்ட் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை என்று கணினி பி0128 பிழைக்குறியைப் போட்டு இஞ்சின் விளக்கை எரியவிடும். தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு என் பரிந்துரை, தொழிற்சாலை கொடுத்த எண், அல்லது அதிலிருந்து ஐந்தாறு டிகிரி குறைவு. அவ்வளவுதான்.

கே: தெர்மோஸ்டாட்டை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோவது எதற்காக?

இது எம்எக்ஸ்-5இன் பிறப்போடு வந்த சிக்கல். 1989இல் வந்த அந்தக் காருக்கு மாஸ்டா புதிதாக இஞ்சின் செய்யவில்லை. முன்சக்கரங்களால் ஓடும் 323 காரில் குறுக்காகப் படுத்திருந்த பி வரிசை இஞ்சினை எடுத்து நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். 323இல் கூலண்ட் பெல்ட் இருக்கும் முனையில் நுழைந்து, நான்கு சிலிண்டரையும் கடந்து, கியர்பாக்ஸ் பக்கமுள்ள முனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5இல் அந்த முனை இஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள சுவரை ஒட்டிப் போய்விட்டதால் அங்கே பெரிய ஹோஸ் வைக்க இடமில்லை. எனவே வெளியேறும் வழியையும் தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கத்துக்கே கொண்டு வந்தார்கள். முன்னால் நுழையும் கூலண்ட் முன்னாலேயே வெளியே வருகிறது. பின்கோடியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. ஹீட்டருக்குப் போகும் சிறிய குழாய் வழியாக நடப்பது மட்டும்தான் அங்கே ஓட்டம்.

சாதாரணமாக ஓட்டினால் இது ஒரு பிரச்சினையே இல்லை. லட்சக்கணக்கான கார்கள் அப்படியே ஓடுகின்றன. டர்போ போட்டவர்களுக்கும் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்தில் முழு மிதியில் ஓட்டுபவர்களுக்கும்தான் நான்காவது சிலிண்டர் முதலில் அடிவாங்கும். அதனால் சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக இருக்கும் ஹெட்டின் பின்முனையில் தெர்மோஸ்டாட்டை வைத்து, அங்கிருந்து நீள ஹோஸ் இழுத்து ரேடியேட்டரின் மேல்வாயில் இணைத்து, முன்வழியைத் தகட்டால் மூடுகிறார்கள். பயன் உண்மையானது. ஆனால் தண்ணீரின் பாதையையே மாற்றுகிறோம் என்பதால் ஃபேன் சுவிட்ச், பைபாஸ், காற்று வெளியேறும் இடம் ஆகிய மூன்றின் கணக்கும் சேர்ந்து மாறிவிடுகிறது. மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

கே: டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவில்தானே நிற்கிறது, அதை நம்பலாமா?

நம்ப வேண்டாம். பல கார்களில் அந்த முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கியிருப்பார்கள். வாடிக்கையாளர் பதறக்கூடாது என்பதற்காக, நீண்ட இடைவெளிக்குள் எந்தச் சூடாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும். முள் நகர்வதை நீங்கள் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும். ஓரளவு புதிய கார் என்றால் பெரும்பாலும் ஓபிடி துளையில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பு) ஒரு புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசியில் சரியான எண்ணைப் பார்க்கலாம். என் கார் போலப் பழசு என்றால் தனியாக ஒரு மீட்டரும் சென்சாரும் போடுங்கள். எந்த மாற்றத்தைச் செய்வதற்கும் முன்னால் இதைச் செய்து, இரண்டு வாரம் எண்களைக் குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் மாற்றிய பிறகு கூடியதா குறைந்ததா என்பதே தெரியாது.

கே: வேலை முடிந்து முதல் நாளே சூடு 85, 104, 88 என்று குதிக்கிறது. பயமாக இருக்கிறது.

இஞ்சினை நிறுத்துங்கள். பத்தில் எட்டு தடவை இது உள்ளே மாட்டிய காற்று. சென்சாரைக் கூலண்ட் தொட்டால் ஒரு எண் காட்டும், காற்றுக்குமிழ் தொட்டால் வேறு எண் காட்டும். தெர்மோஸ்டாட்டைக் காற்று சூழ்ந்திருந்தால் மெழுகுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, கதவும் நேரத்துக்குத் திறக்காது.

காற்றை வெளியேற்றுவது பொறுமையான வேலை. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கார் முழுதாக ஆறியிருக்கும்போது முன்பக்கத்தை ஜாக் போட்டு உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ரேடியேட்டரின் வாய்தான் இப்போது எல்லாவற்றிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைப் பின்னுக்கு மாற்றியவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம். ஏனென்றால் முன்பக்கத்தை உயர்த்தாவிட்டால் உயரமான இடம் ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது, காற்று அங்கேதான் போய் உட்காரும். ரேடியேட்டர் வாயில் அளவாகப் பொருந்தும் புனல் வைத்துப் பாதிவரை கூலண்ட் ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிடுங்கள். முந்தைய உரிமையாளர் இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு என்று அந்தக் குழாய்களை மூடி வைத்திருக்கிறாரா என்பதையும் அப்படியே பாருங்கள். மூடியிருந்தால் அதற்கான பதில் கீழே வருகிறது.

சூடு ஏற ஏறக் குமிழ்கள் வரும். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையுறை போட்டுக்கொண்டு அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு ஆறவிட்டு, மறுநாள் காலையில் மட்டத்தைப் பார்த்து மறுபடி நிரப்புங்கள். என் காருக்குச் சுமார் 6 லிட்டர் பிடிக்கும். வடித்தது 6 லிட்டர், ஊற்றியது 4.5 என்றால் மீதி 1.5 லிட்டர் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. இந்தக் கணக்கை எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

இன்னொன்று, பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஆடும் குட்டி ஊசி ஒன்று இருக்கும். காற்று வெளியேற வைத்த துளை அது. பொருத்தும்போது அது மேல்பக்கம், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வரவேண்டும். கீழே வைத்துப் பூட்டிவிட்டால் எவ்வளவு நேரம் புனலோடு நின்றாலும் பயனில்லை.

கே: ஓடும்போது 88. உட்லண்ட்ஸ் ஜாமில் நின்றால் 105ஐத் தாண்டுகிறது.

இது எனக்கே நடந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை, ஜொகூர் பாலத்துக்குப் போகும் வரிசை. ஒவ்வொரு கார் நீளமாக நகர்ந்துகொண்டிருந்தோம். 96, 99, 103. ஃபேன் சத்தமே இல்லை. ஏர்கானை நிறுத்தி, இஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்து, வியர்வையில் நனைந்துகொண்டே வரிசையிலிருந்து விலகினேன்.

ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடேறினால் அது காற்றோட்டக் குறை, அதாவது ஃபேன். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. முதலில் ஃபேன் மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் பானட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஎஃப்ஏ, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்து, சாவியைத் திருப்பினால் ஃபேன் சுழல வேண்டும். என் காரில் சுழன்றது. மோட்டார் சரி, ரிலே சரி, ஃபியூஸும் சரி. அப்படியானால் ஃபேனை ஓடச்சொல்லும் சுவிட்ச் சொல்லவில்லை.

1.6 லிட்டர் எம்எக்ஸ்-5இல் அந்தச் சுவிட்ச் முன்பக்கத் தெர்மோஸ்டாட் கூட்டில் இருக்கிறது. நான் தெர்மோஸ்டாட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய், முன்வழியை மூடியபோது, சுவிட்சை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். கூலண்ட் ஓடாத முட்டுச்சந்தில் அது உட்கார்ந்திருந்தது. பின்னால் 103 ஓடும்போது அது தொட்டுக்கொண்டிருந்தது அசையாத, ஆறிய தண்ணீரை. மூன்று மாதத் தொல்லைக்குக் காரணம் இதுதான். பின்பக்கக் கூட்டில் சூடான ஓட்டம் படும் இடத்தில் மரையிட்டு, வயரை நீட்டி, சுவிட்சை அங்கே மாற்றினேன். அடுத்த வாரம் அதே வரிசை, அதே வெள்ளிக்கிழமை, 97க்கு ஏறி 92க்கு இறங்கியது. எந்தக் காரில் இந்த வேலையைச் செய்தாலும் நான் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஃபேனுக்குச் சொல்லும் சென்சார் இப்போது எந்தத் தண்ணீரைத் தொடுகிறது?

ஃபேன் ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால், பின்னால் இருக்கும் ஃபேன் கூடு உடைந்திருக்கிறதா, ஃபேன் தலைகீழாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். வேறு ஃபேன் மாற்றியவர்கள் வயரை மாற்றிக் கொடுத்து, காற்றை முன்பக்கம் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை ரேடியேட்டரின் முன்னால் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கே: எனக்கு நேர்மாறு. ஜாமில் சரியாக இருக்கிறது, மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் சூடு மெல்ல ஏறுகிறது.

அப்படியென்றால் ஃபேனை மறந்துவிடுங்கள். வேகத்தில் இஞ்சின் அதிகச் சூடு தருகிறது, அதை ரேடியேட்டர் வெளியேற்றவில்லை. ஒன்று கூலண்ட் போதுமான அளவு ஓடவில்லை, இல்லையேல் காற்று ரேடியேட்டருக்குள் போகவில்லை. எது என்று பிரிக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். இஞ்சின் சூடாக இருக்கும்போது, சுழலும் பாகங்களில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 20 டிகிரிக்குமேல் என்றால் கூலண்ட் தேங்கித் தேங்கிப் போகிறது. அடைப்பு, பம்ப் தேய்வு, பாதிதான் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று தேடுங்கள். இரண்டுமே சூடாக, வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி மட்டுமே என்றால் கூலண்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை.

காற்று எங்கே போகிறது? இந்த ஊரில் கவனிக்க வேண்டியது அடித்தட்டு. பலமாடிக் கார் நிறுத்துமிடங்களின் மேடுகளில் உரசி உரசி, பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு கிழிந்து விழுந்துவிடும். சத்தம் போனதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்தத் தட்டு இல்லையென்றால் முன்வாயில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துப் போகாமல், எளிதான வழியாகக் கீழே நழுவிவிடும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஸ்பாஞ்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்த இலையும் பூச்சியும் பல வருடமாகச் சேர்ந்து கம்பளம் போலக் கிடக்கும். கழற்றினால்தான் தெரியும்.

ஓட்டப் பக்கம் என்றால் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. பழைய ஹோஸ் மெலிந்து போனால், இஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது உறிஞ்சலில் தட்டையாகிவிடும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் மிதியை மிதிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும்.

கே: காலையில் கிளப்பினால் 102 வரை ஏறி, பிறகு தடாலென்று 75க்கு விழுந்து, அதற்குப் பிறகு ஒழுங்காக இருக்கிறது.

பைபாஸ் போதவில்லை. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் அதன் மெழுகைச் சூடான கூலண்ட் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் அதற்குச் சூடு தெரியும். பின்பக்கம் மாற்றிய எம்எக்ஸ்-5இல் ஹீட்டர் சுற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. ஹீட்டர் குழாய்களை மூடிவிட்டால் தெர்மோஸ்டாட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். இஞ்சின் நடுவில் 102, தெர்மோஸ்டாட் அருகில் 70. பிறகு மெதுவாகச் சூடு பரவிக் கதவு திறக்கும்போது, ரேடியேட்டரில் இருந்த குளிர்ந்த தண்ணீர் மொத்தமும் உள்ளே பாயும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் உலோகங்கள். தினமும் இந்த அதிர்ச்சியைக் கொடுத்தால் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட்தான் பலியாகும். ஹீட்டர் சுற்றைத் திறந்து விடுங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்து ஓட்டம் இருக்கும்படி செய்யுங்கள். தெர்மோஸ்டாட் விளிம்பில் 3 மில்லிமீட்டர் துளை போடுவதும் உதவும்.

கே: சூடே ஏறவில்லை. ஹைவேயில் 68இல் நிற்கிறது.

கதவு திறந்தே மாட்டிக்கொண்டது, அல்லது ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் ஓரமாகக் கசிகிறது. கழற்றிச் சமையலறையில் சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர், தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் தொடாமல் தொங்கவிடுங்கள், பக்கத்தில் வெப்பமானி. எந்த டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது, கொதிக்கும்போது எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். சுமார் 8 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கே: வாரம் ஒருமுறை அரை லிட்டர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

சூடான இஞ்சினில் கசிந்தால் தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் அழுத்தச் சோதனை கேளுங்கள். ஆறிய காரில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி, கால்மணி நேரம் விடுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. புதிதாகப் பொருத்திய பின்பக்கக் கூடு, அதன் கேஸ்கெட், நீள ஹோஸின் கிளாம்ப் இவற்றை டார்ச்சும் கண்ணாடித் துண்டும் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் எம்எக்ஸ்-5காரர்களை ஏமாற்றும் இன்னொன்று உண்டு. ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் சென்சாரின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) முதுமையில் எண்ணெய் கசியும். அது ஹீட்டர் ஹோஸ்களின்மேல் வழியும். கூலண்ட் கசிகிறது என்று நினைத்து நல்ல கேஸ்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள். எண்ணெயில் ஊறிய ஹோஸ் மிருதுவாகி வெடிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் மறந்துவிடுவார்கள். 0.9 பார் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போனால் 100லேயே கொதித்து, பக்கத்தில் இருக்கும் உபரிக் கூலண்ட் தொட்டி வழியாக வெளியே போகும். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் மூடியின் உறிஞ்சு வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். 

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்போ பாசி நிறமோ வந்துவிட்டால் அது பிஸ்கட் போல நொறுங்கும் நிலையில் இருக்கிறது. அதற்குமேல் ஒரு நாளும் நம்ப வேண்டாம்.

கே: ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று தூக்கம் வரவில்லை.

ஊகித்துக்கொண்டிருக்காமல் சோதித்துப் பாருங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் கருவி எல்லா நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும். எரிந்த வாயு கூலண்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மாறாவிட்டாலும் காரைச் சூடாக்கி இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். ஆறிய இஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், புனலில் காற்று தீராமல் வந்துகொண்டே இருந்தாலும் சந்தேகப்படலாம்.

கே: இங்கே பனியே கிடையாது. குழாய்த் தண்ணீர் போதாதா?

உறையாமல் காப்பது கூலண்ட்டின் ஒரு வேலை மட்டும்தான். நமக்கு வேண்டியது துருவைத் தடுக்கும் மருந்தும் பம்ப் சீலுக்கான வழவழப்பும். இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அரிப்பு நிச்சயம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது என்பதும் உண்மை, அதனால் இந்த ஊருக்கு 30 முதல் 50 சதவீதம் கூலண்ட் போதும். மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர். நிறத்தை வைத்துக் கலக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. ஜப்பானியக் கூலண்ட்டில் பாஸ்பேட் இருக்கும், பல ஐரோப்பியக் கூலண்ட்டில் சிலிகேட் இருக்கும். கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.

கே: விரைவுச்சாலையில் போகும்போதே கொதிக்கிறது. என்ன செய்வது?

என் கோடு: 105இல் ஏர்கானை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறப்பேன், வேகத்தைக் குறைப்பேன். 110இல் இஞ்சினை நிறுத்துவேன், வீடு அடுத்த வளைவில் இருந்தாலும். சுரங்கத்துக்குள் போகுமுன் சூடு எவ்வளவு என்று பாருங்கள். காலாங் பாய லேபார் விரைவுச்சாலையின் 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே ஒதுங்க இடம் தேடுவது ஆபத்து. நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி கட்டணமில்லாமல் அருகிலிருக்கும் குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இழுத்துச் செல்லும். நீங்கள் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் போன நொடியில் உள்ளிருக்கும் எல்லாம் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

கே: வடித்த பழைய கூலண்ட்டை எங்கே ஊற்றுவது?

கால்வாயில் ஊற்றாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, நாம் குடிக்கும் தண்ணீர் அது. கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். புளோக்குக்குக் கீழே திரியும் பூனைகள் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பாகம் வாங்கிய ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை உடனே துடைத்துக் கழுவுங்கள்.

கே: எல்லாம் சரியாகிவிட்டது. செப்பாங் போகலாமா?

ஒரு மாதம் தினமும் ஓட்டுங்கள். மட்டம் மாறாமல், ஜாமில் 100ஐத் தாண்டாமல் இருந்தால் போகலாம். போவதற்கு முதல் நாள் கிளாம்ப் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். புது ஹோஸ் சூட்டில் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். 5.5 கிலோமீட்டர் சுற்று அது, இரண்டு நீளமான நேர்ப்பாதைகளிலும் முழு மிதியில்தான் போவோம். முதல் முறை மூன்று சுற்று ஓடி, ஒரு சுற்று மெதுவாக வந்து சூட்டைக் குறியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு டிகிரி ஏறி நிற்காமல் போனால் ரேடியேட்டர் போதவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. உள்ளே வந்ததும் உடனே நிறுத்தாமல் பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். கலந்து வைத்த கூலண்ட் 4 லிட்டர், ஒரு மேல் ஹோஸ், நான்கு கிளாம்ப், ஒரு மூடி, இவை காரில் இருக்கட்டும். திரும்பும்போது ஞாயிறு மாலை உட்லண்ட்ஸ் வேண்டாம், இரண்டாவது பாலம் இருக்கும் துவாஸ் வழியாக வாருங்கள். அங்கேயும் வரிசை இருக்கும், ஆனால் பெரும்பாலும் நகர்ந்துகொண்டிருக்கும்.